கூடாத குழுவின் கதை

நான்காண்டுக்கு ஒருமுறை நவம்பர் வந்தால் நம் தொலைக்காட்சிகளும் 270 என்ற எண்ணைச் சுற்றிச் சுற்றி வரும். அமெரிக்க வரைபடம் சிவப்பும் நீலமுமாகத் திரையை நிறைக்கும். பென்சில்வேனியா எந்தப் பக்கம், ஜார்ஜியா எந்தப் பக்கம் என்று சென்னை டீக்கடையிலும் பேச்சு ஓடும். மொத்தத் தேர்வாளர்கள் 538 பேர், அதில் 270 பேரைப் பிடித்தவர் அதிபர் என்பது இந்நேரம் பலருக்கும் மனப்பாடம். கோடிக்கணக்கானோர் ஓட்டுப் போட்ட பிறகு நடுவில் இந்த 538 பேர் எதற்கு, இது யார் வீட்டுச் சரக்கு என்று கேட்கும்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. கதையின் முதல் அத்தியாயம் நடப்பது அமெரிக்காவில் அல்ல, கூரை பிரிக்கப்பட்ட ஓர் இத்தாலிய மாளிகையில்.

1268-இல் ரோமுக்கு வடக்கே விட்டர்போ நகரில் போப்பாண்டவர் நான்காம் கிளெமெண்ட் இறந்துபோனார். அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கர்தினால்கள் என்ற சின்னக் கூட்டத்தின் கைக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே வந்திருந்தது. உரிமை வந்ததே தவிர அவசரம் வரவில்லை. ஆளுக்கொரு அணியாகப் பிரிந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். பொறுமை தீர்ந்த ஊர்க்காரர்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், அதற்கும் மசியவில்லை என்றதும் கூரையைப் பிரித்துவிட்டார்கள். 1271-இல் ஒருவழியாகத் தேர்வான பத்தாம் கிரகோரி அப்போது ஊரிலேயே இல்லை. சிலுவைப் போருக்காக ஆக்கர் துறைமுகத்தில் இருந்தார். ஆனாலும் நடந்ததைக் கேட்டறிந்தவர், 1274-இல் ஒரு விதி போட்டார்: மூன்று நாளில் முடிக்காவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம், மேலும் ஐந்து நாள் கடந்தால் ரொட்டியும் தண்ணீரும் வைனும்தான்.

அதே 1268-இல் வெனிஸ் வியாபாரிகள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். ஊர்த் தலைவரான டோஜைத் தேர்ந்தெடுக்க, பெரிய சபையிலிருந்து 30 பேரைக் குலுக்கலில் எடுப்பார்கள். அந்த 30-ஐ மறுபடி குலுக்கி 9 ஆக்குவார்கள். 9 பேர் கூடி 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். 40 குலுக்கலில் 12 ஆகும், 12 பேர் 25 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், 25 குலுக்கலில் 9, 9 பேர் 45 பேரை, 45 குலுக்கலில் 11, 11 பேர் 41 பேரை. இந்த 41 பேர்தான் கடைசியில் டோஜைத் தேர்ந்தெடுப்பார்கள். படிக்கும் நமக்கே மூச்சு வாங்குகிறது. யாருக்கு எப்போது லஞ்சம் கொடுப்பது என்று எவனுக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். 1797-இல் நெப்போலியன் வந்து குடியரசையே முடித்துவைக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

ஜெர்மானியர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. புனித ரோமப் பேரரசர் நான்காம் சார்லஸ் 1356-இல் வெளியிட்ட பொன் முத்திரைச் சாசனம், அடுத்த மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழே பேருக்குக் கொடுத்தது: மைன்ஸ், கோலோன், டிரியர் பேராயர்கள் மூவர், பொஹிமிய மன்னர், ரைன் பலட்டைன் பிரபு, சாக்சனி கோமகன், பிராண்டன்பர்க் பிரபு என நால்வர். ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடி 30 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் அதன்பின் இவர்களுக்கும் ரொட்டியும் தண்ணீரும்தான். பட்டினி போட்டால் முடிவு வரும் என்ற விட்டர்போ வைத்தியம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியிருந்தது. ஆனால் ஏழு பேர் என்பது விலை பேச வசதியான எண்ணிக்கை. 1519 தேர்தலில் ஸ்பெயின் மன்னர் சார்லஸும் பிரான்ஸ் மன்னர் பிரான்சிசும் மோதினார்கள். சார்லஸ் பக்கம் சுமார் 8.5 லட்சம் கில்டர் இறங்கியது. அதில் பாதிக்கு மேல் ஆக்ஸ்பர்க் நகரத்து வட்டிக்கடைச் சக்கரவர்த்தி யாக்கோப் ஃபுக்கர் கொடுத்த கடன். பின்னர் கடன் திரும்பி வரத் தாமதமானபோது, நான் இல்லாமல் இந்தக் கிரீடம் உங்களுக்குக் கிடைத்திருக்காது என்று ஃபுக்கர் பேரரசருக்கே கடிதம் எழுதினார்.

ஏழு பின்னர் எட்டானது, ஒன்பதானது. ஒன்பதாவது இடம் ஹனோவர் அரச குடும்பத்துக்குப் போயிற்று. அந்தக் குடும்பம் 1714-இல் இங்கிலாந்து சிம்மாசனத்தையும் பெற்றது. ஆகவே 1783-இல் பாரிசில் அமெரிக்கச் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு உடன்படிக்கை எழுதியபோது, மூன்றாம் ஜார்ஜின் பட்டங்களில் புனித ரோமப் பேரரசின் தேர்வாளர் என்பதும் இடம்பெற்றது. அதன் கீழே கையெழுத்துப் போட்ட அமெரிக்கர்கள் ஃபிராங்க்ளின், ஜான் ஜே, ஜான் ஆடம்ஸ். அடுத்த பதினான்கு ஆண்டுக்குள் அந்த ஆடம்சே தேர்வாளர்களின் ஓட்டால் அதிபராகப்போகிறார்!

இந்த ஐரோப்பியப் பரம்பரையிலிருந்து அமெரிக்க முறை நேராக இறங்கி வந்தது என்று சொல்லிவிட முடியாது. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு எழுதக் கூடியவர்களுக்கு ஜெர்மனி எச்சரிக்கைப் பலகையாகத்தான் இருந்தது. போலந்து அதைவிட மோசம்: அங்கே பிரபுக்கள் மன்னரைத் தேர்ந்தெடுக்கப் போய், அண்டை அரசுகள் பணமும் படையும் அனுப்பி, 1772-இல் நாட்டையே பங்கு போட ஆரம்பித்திருந்தன. தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஓரிடத்தில் கூடினால் வெளிநாட்டுத் தூதர்கள் பண மூட்டையோடு வந்து நிற்பார்கள் என்று வர்ஜீனியாப் பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் அந்த மாநாட்டில் எச்சரித்தார்.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு முன்மாதிரி இருந்தது. பக்கத்து மேரிலாந்து 1776-இல் தன் அரசியலமைப்பை எழுதியபோது, மேலவைக்கு மட்டும் நேரடித் தேர்தல் வேண்டாம் என்று முடிவு செய்தது. கவுண்டிக்கு இரண்டு தேர்வாளர்களை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் அனாபொலிசில் கூடி 15 செனட்டர்களை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். மக்களின் திடீர் ஆவேசங்களுக்கு இது நல்ல வடிகட்டி என்று பண்ணையார்கள் மகிழ்ந்தார்கள். அந்தச் செனட்டின் பெயர் வெளியூரிலும் நன்றாகவே இருந்தது.

ஃபிலடெல்ஃபியாவில் அதிபர் தேர்தலைப் பற்றிய விவாதத்தைப் படித்தால், அறிஞர்கள் கூடி வடித்த அற்புதம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வதை நம்புவது கஷ்டம். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், நிறம் பார்க்கும் வேலையைக் கண் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம் என்று அதைத் தள்ளினார். ஜூலை 17 வாக்கெடுப்பில் நேரடித் தேர்தலுக்கு ஒரே மாநிலம் ஆதரவு, ஒன்பது எதிர்ப்பு. நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். இரண்டு நாளில் தேர்வாளர்கள் என்றார்கள். இன்னும் ஐந்து நாளில் மறுபடி நாடாளுமன்றம் என்றார்கள். கோடை முடிந்து எல்லோரும் களைத்துப்போன செப்டம்பரில், மிச்சம் மீதி விவகாரங்களைத் தீர்க்க அமைத்த 11 பேர் குழு தேர்வாளர் முறையைத் தூசி தட்டி எடுத்துவந்தது.

பூசி மெழுகாமல் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. நேரடித் தேர்தல் வந்தால் ஓட்டுரிமை இல்லாத அடிமைகள் நிறைந்த தெற்கு மாநிலங்களுக்குச் செல்வாக்கு இருக்காது, தேர்வாளர் முறையில் அந்தச் சிக்கல் இல்லை என்று மேடிசன் ஜூலை 19-இல் வெளிப்படையாகவே பேசினார். எப்படி இல்லை? ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை என்பது அதன் கீழவை இடங்களோடு செனட்டின் இரண்டு இடங்களைக் கூட்டியது. கீழவை இடங்களுக்கு மக்கள்தொகையை எண்ணும்போது ஒவ்வொரு அடிமையும் ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கில் வருவார். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் அடிமைகள் அல்லாத மக்கள்தொகை ஏறக்குறைய சமம். ஆனால் வர்ஜீனியாவில் கூடுதலாக 2,92,627 அடிமைகள். பலன்: பென்சில்வேனியாவுக்கு 15 தேர்வாளர்கள், வர்ஜீனியாவுக்கு 21. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே அதிபர்களாக இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

போலந்து பயத்துக்கும் ஒரு பரிகாரம் செய்தார்கள். தேர்வாளர்கள் ஓரிடத்தில் கூடக் கூடாது. அவரவர் மாநிலத்தில், எல்லா இடத்திலும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டு, உறையில் இட்டுத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். உலகின் மிகப் பிரபலமான தேர்வாளர் குழு இன்றுவரை ஒருநாள்கூடக் கூடியதில்லை.

1789-இல் நியூயார்க் மாநிலம் இரு அவைகளின் சண்டையால் ஒரு தேர்வாளரையும் அனுப்பவில்லை. வாஷிங்டனே ஒரே விருப்பம் என்பதால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. 1796-இல் வாஷிங்டன் ஒதுங்கியதும் சாயம் வெளுத்தது. ஊர்ப் பெரியவர்கள் தனித்து யோசித்துத் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது கற்பனை, வந்தவர்கள் கட்சிக்காரர்கள். பென்சில்வேனியாவில் ஃபெடரலிஸ்ட் கட்சி சார்பில் தேர்வான சாமுவேல் மைல்ஸ் மட்டும் நிஜமாகவே தன் விருப்பப்படி, கட்சி வேட்பாளர் ஆடம்சை விட்டுவிட்டு எதிரணியின் ஜெஃபர்சனுக்கு ஓட்டுப் போட்டார். அவரை யோசிக்கவா அனுப்பினோம் என்று சொந்தக் கட்சி ஆதரவாளர்கள் பத்திரிகையில் திட்டித் தீர்த்தார்கள். அந்த வினாடியிலேயே இந்த இயந்திரத்தின் உள்ளே இருந்த மனிதர் வேலை இழந்துவிட்டார் என்பேன்.

அடுத்து நடந்ததுதான் இன்றைய சிவப்பு நீல வரைபடத்தின் பிறப்பு. 1796-இல் ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. வர்ஜீனியா தன் தேர்வாளர்களை மாவட்ட வாரியாகத் தேர்ந்தெடுத்ததால், ஜெஃபர்சனின் சொந்த மாநிலத்திலேயே ஒரு ஓட்டு ஆடம்சுக்குப் போய்விட்டது. வட கரோலினாவில் இன்னொன்று. அந்த இரண்டும் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். 1800 ஜனவரியில் ஜெஃபர்சன், அப்போது வர்ஜீனியா ஆளுநரான மன்றோவுக்குக் கடிதம் எழுதினார்: எல்லோரும் மாவட்டமாகப் பிரித்தால் நல்லதுதான், ஆனால் பத்து மாநிலங்கள் முழுசாக அள்ளிக்கொள்ளும்போது மீதி ஆறு மட்டும் பிரித்துக் கொடுப்பது முட்டாள்தனம். அந்த மாதமே வர்ஜீனியா சட்டத்தை மாற்றியது. இனி மாநிலத்தில் அதிகம் பெற்றவருக்கே 21-உம். ஆடம்சின் மாசசூசெட்ஸ் சும்மா இருக்குமா? மக்களிடமிருந்தே பிடுங்கிச் சட்டசபை தேர்ந்தெடுக்கும் என்று அறிவித்தது.

ஒருவர் செய்தால் அடுத்தவர் செய்தே ஆக வேண்டும். 1836-க்குள் சட்டசபையே தேர்ந்தெடுத்த தென் கரோலினா நீங்கலாக எல்லா மாநிலமும் வென்றவர்க்கே முழுதும் என்ற முறைக்கு வந்துவிட்டது. இது அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. வயதான மேடிசன் 1823-இல், மாவட்ட முறைதான் எங்கள் மனதில் இருந்தது என்று வருத்தப்பட்டு எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அதே 1836-இல் மேரிலாந்தில் மூல முறையே கவிழ்ந்தது. 40 தேர்வாளர்களில் சிறுபான்மையான 19 பேர் கூட்டத்துக்கு வராமல் முரண்டு பிடிக்க, கோரம் இல்லாமல் செனட்டே அமையமுடியாத நிலை. அதோடு மேரிலாந்து தேர்வாளர்களைக் கைகழுவி, 1838 முதல் செனட்டர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் சரக்கு அதற்குள் கப்பலேறியிருந்தது. ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு வாஷிங்டனின் தேசம்தான் கண்முன் இருந்த வெற்றிக்கதை. சிலி தேர்வாளர் முறையை 1925 வரை வைத்திருந்தது. அர்ஜென்டினா 1853 அரசியலமைப்பில், தேர்வாளர்கள் அந்தந்த மாகாணத் தலைநகரிலேயே கூட வேண்டும் என்ற விதியோடு சேர்த்து நகலெடுத்தது. இடையிடையே கழற்றி மாட்டி, 1994 சீர்திருத்தத்தில் ஒரேயடியாகக் கழற்றிவிட்டது.

ரஷ்யாவிடமிருந்து விடுபட்ட பின்லாந்து 1919-இல் 300 தேர்வாளர்களை ஏற்படுத்தியது. ஆனால் அங்கே அவர்கள் நிஜமாகவே ஓரிடத்தில் கூடினார்கள், பேரம் பேசினார்கள், சுற்றுச் சுற்றாக ஓட்டுப் போட்டார்கள். ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் கண்டு நடுங்கிய காட்சி ஹெல்சிங்கியில் அமைதியாக நடந்தது. 1931-இல் ஸ்வின்ஹுஃபுட் 151, எதிராளி 149. 1956-இல் கெக்கோனென் 151, எதிராளி 149. அதே எண்! ஒரே ஒரு தேர்வாளர் மனம் மாறியிருந்தால் சமநிலை. அப்படி நூலிழையில் வந்த கெக்கோனென் கால் நூற்றாண்டு அசையவில்லை. 1994 முதல் பின்லாந்து மக்கள் நேரடியாகவே ஓட்டளிக்கிறார்கள்.

பிரான்சில் 1958-இல் டி கோலை அதிபராகத் தேர்ந்தெடுத்தவர்கள் மேயர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் என்று சுமார் 80,000 பேர். 1962 ஆகஸ்டில் பாரிஸ் புறநகரில் அவர் காரைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தனக்குப் பின் வருபவருக்கு மக்களின் நேரடி ஆதரவு வேண்டும் என்று சொல்லி, அந்த அனுதாப அலையிலேயே அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தார். அதே 80,000 என்ற எண் பாகிஸ்தானிலும் உண்டு. அதிபர் அயூப் கான் உருவாக்கிய ‘அடிப்படை ஜனநாயகம்’ என்ற உள்ளாட்சி அமைப்பின் உறுப்பினர்கள் அவ்வளவு பேர்தான் 1965 தேர்தலில் அவருக்கும் ஃபாத்திமா ஜின்னாவுக்கும் இடையே தீர்ப்புச் சொன்னார்கள். அரசாங்கத்தின் தயவில் இருந்தவர்கள் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரேசில் ராணுவ ஆட்சியும் தன் வசதிக்கு ஒரு தேர்வாளர் குழு வைத்திருந்தது. நேரடித் தேர்தல் கேட்டு 1984-இல் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தும், சட்டத்திருத்தம் 22 ஓட்டில் தோற்றது. பிறகு எதிர்க்கட்சி அந்தக் குழுவுக்குள்ளேயே புகுந்து, 1985 ஜனவரியில் டான்க்ரெடோ நெவெசை 480-க்கு 180 என்று ஜெயிக்கவைத்தது. ஜெயித்தவர் பதவியேற்புக்கு முதல் நாள் இரவு ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. நேற்றுவரை ராணுவத்தோடு இருந்த துணை அதிபர் சார்னே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவுதான், ஆனால் கணக்கு தலைகீழ். அமெரிக்காவில் மிகச் சிறிய மாநிலத்துக்கும் 3 தேர்வாளர் உறுதி. இங்கே எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு மக்கள்தொகையைப் பொறுத்தது: தமிழ்நாட்டில் 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. அதுவும் 1971 கணக்கெடுப்பின்படி. அதிகாரம் குறைந்த பதவிக்கு என்பதால் இங்கே யாரும் இதற்காகத் தூக்கம் கெடுவதில்லை.

அமெரிக்காவில் தூக்கம் கெடத்தான் செய்கிறது. 1824, 1876, 1888, 2000, 2016 என்று ஐந்து முறை, மக்களிடம் குறைவான ஓட்டு வாங்கியவர் அதிபரானார். 2020-இல் பைடன் நாடு முழுக்க 70 லட்சம் ஓட்டு முன்னிலை. ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சினில் மட்டும் மொத்தம் சுமார் 43,000 ஓட்டு இல்லாமல் போயிருந்தால் 269-269 என்று முட்டி நின்றிருக்கும். வயோமிங்கில் ஒரு தேர்வாளருக்கு 1.92 லட்சம் மக்கள், கலிஃபோர்னியாவில் 7.32 லட்சம். முறையை ஆதரிப்பவர்கள், சிறு மாநிலங்களுக்கு இதுதான் பாதுகாப்பு என்பார்கள். ஆனால் 2024-இல் வேட்பாளர்கள் சுற்றிச் சுற்றி வந்த ஏழு மாநிலங்களில் வயோமிங்கும் இல்லை, வெர்மான்டும் இல்லை. பென்சில்வேனியா, மிச்சிகன் என்று பெரியவையே அதிகம். நெருக்கமான தேர்தலில் மறு எண்ணிக்கை ஓரிரு மாநிலத்தோடு முடிகிறது என்ற வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 1960-இல் நாடு முழுவதுக்குமான வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அதை ஊர் ஊராகத் திரும்ப எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நியாயமான கவலை. இருந்தாலும் அந்தக் கவலைக்காக ஒருவர் ஓட்டை இன்னொருவர் ஓட்டைவிடக் கனமாக வைத்திருப்பது எனக்கு ஏற்பில்லை.

மாற்றம் ஒருமுறை வாசல்வரை வந்தது. 1968-இல் இனப்பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர் ஓட்டுகளைப் பிடித்து இரு கட்சிகளையும் பயமுறுத்தியதும், நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைக் கீழவை 1969-இல் 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. அதிபர் நிக்சனும் சரியென்றார். செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் பேசிப் பேசியே அதை 1970-இல் சாகடித்தார்கள். 1979-இல் மறுபடி முயன்றும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அந்த முறை சில கருப்பினத் தலைவர்களும் எதிர்த்தார்கள்: பெரிய மாநிலங்களின் நகரங்களில் தங்கள் ஓட்டுக்கு இருக்கும் கிராக்கி போய்விடும் என்று.

அடுத்த யோசனை வந்த இடம் யாரும் எதிர்பாராதது. ஒருகாலத்தில் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கிய சுரண்டல் லாட்டரி நினைவிருக்கிறதா? அந்தச் சீட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் கணினி விஞ்ஞானி ஜான் கோசா. லாட்டரி வியாபாரத்தில் மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர். 2006-இல் அவரும் நண்பர்களும் முன்வைத்த திட்டம் இது: அரசியலமைப்பைத் தொட வேண்டாம், தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பது மாநிலத்தின் உரிமை, ஆகவே, நாடு முழுக்க யார் அதிக ஓட்டு வாங்கினாரோ அவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாநிலங்கள் சட்டம் இயற்றட்டும், சேர்ந்தவர்களின் மொத்தம் 270-ஐத் தொட்டதும் அது உயிர் பெறட்டும். ஜெஃபர்சன் பயன்படுத்திய அதே ஓட்டை வழியாக, எதிர்த்திசையில் ஒரு பயணம். 2007-இல் முதலில் கையெழுத்திட்ட மாநிலம் மேரிலாந்து.

2024-இல் மெய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்த்து 209 வந்திருந்தது. எல்லாமே ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்பவை என்பதுதான் இதன் பெரிய பலவீனம். கொலராடோவில் எதிர்ப்பு கிளம்பி 2020-இல் மக்களிடமே கேட்டார்கள். சுமார் 52 சதவீதம் பேர் ஒப்பந்தம் இருக்கட்டும் என்றார்கள். 270-ஐ எட்டும் நாளில் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமா என்று வழக்கு நிச்சயம் வரும். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் முன்ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள்: தேர்தல் ஆண்டின் ஜூலை 20-க்குப் பிறகு விலகுவதாக ஒரு மாநிலம் அறிவித்தால், புதிய அதிபர் பதவியேற்கும்வரை அந்த விலகல் செல்லாது. தேர்தல் ஆண்டில் ஆட்ட விதியை மாற்றிய வர்ஜீனியாவின் சாமர்த்தியத்தை அவர்களும் படித்திருப்பார்கள் போல.